திருப்பதிக்கு என்று சொன்ன தாடி

அப்பா திருப்பதிக்கு முடி விட்டிருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தது அம்மாதான். உண்மையில் அவருக்கு இருந்தது எலும்புருக்கி நோய். அது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும், தர்மபுரி ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்கும், எப்படியோ கண்டுபிடித்துவிட்ட சவரக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். வருஷம் எழுபதோ எழுபத்தொன்றோ, எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நோய் இருக்கிற வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்பா கடத்தூர் மண்டியில் எடை போடுகிறவர். நிலக்கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கித் தராசில் வைப்பார். தோள்பட்டை அகலம், பெரிய மீசை, கன்னம் எப்போதும் வழவழவென்று இருக்கும். எட்டு நாளைக்கு ஒருமுறை சவரக்காரர் எங்கள் வாசலுக்கே வந்து அவருக்குச் சவரம் பண்ணிவிட்டுப் போவார். ஒருநாள் கத்தி தாடையில் இருக்கும்போதே அப்பாவுக்கு இருமல் வந்தது. வாயை மூடின துணியை எடுத்தபோது அதில் சிவப்பாக இருந்ததைச் சவரக்காரர் பார்த்துவிட்டார். பாதிக் கன்னத்தோடு நிறுத்தாமல் முழுசாக முடித்துத்தான் போனார், அதைச் சொல்லவேண்டும். ஆனால் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

முதுகுப் பிடிப்பு என்று சொல்லி அப்பா மண்டிக்குப் போவதை நிறுத்தியாயிற்று. தாடி வளர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அம்மாவின் வாயில் தானாக வந்துவிட்டது, "திருப்பதிக்கு வேண்டிக்கிட்டு இருக்காருங்க" என்று. ஆள் இளைத்துக்கொண்டே போகிறாரே என்று இன்னொருத்தி கேட்டாள். "சனிக்கிழமை ஒரு சந்தி, மத்த நாளும் ஒரு வேளைதான்" என்றாள் அம்மா. ஒரு மாதத்தில் அப்பா எங்கள் தெருவில் பாதிச் சாமியார் ஆகிவிட்டார். அவரைப் பார்த்தால் சில பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா கூனிக் குறுகிப் போவார்.

"சாமி பேருல பொய் சொல்றயே" என்பார் அம்மாவிடம்.

"அவருக்குத் தெரியாததா? பொண்ணைப் பெத்தவங்க சொல்ற பொய்யி. கோவிச்சுக்க மாட்டாரு" என்பாள் அம்மா.

இப்படி ஐந்து மாதம் ஓடியது. அப்போதுதான் கம்பைநல்லூர் ஜாதகம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தமாகச் சைக்கிள் கடை. தகப்பன் இல்லை, அம்மா மட்டும். தரகர் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்றார். பெண்ணின் அப்பா மலைக்கு முடி விட்டிருக்கிறார் என்பதையும் அவரே அங்கே சொல்லி வைத்திருந்தார். பக்தியான குடும்பம் என்று அந்தம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் பஸ்ஸில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்திருந்தால் அப்புறம் மாப்பிள்ளை வருவான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைப் பார்த்தேன். தாடியில் கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முடி ஒரு பக்கம் அழுந்தி, ஒரு பக்கம் சிலுப்பிக்கொண்டு, பார்க்கவே நோயாளிக் கோலம். இதைப் பார்த்துவிட்டா எனக்குச் சம்பந்தம் பேசப்போகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. தாடியை எடுத்துவிட்டு மீசையை மட்டும் விட்டால் மண்டியில் எடை போட்ட அப்பா திரும்ப வந்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

"இருந்துட்டுப் போவுது உடுடி" என்றாள் அம்மா. "முடி விட்டிருக்காருன்னு சொல்லியாச்சு."

"மலைக்குப் போயிட்டு வந்துட்டாருன்னு சொல்லிக்கலாம். அவங்க என்ன பஸ் டிக்கெட்டா கேக்கப் போறாங்க?"

நான் பிடித்தால் பிடித்தபிடி. சின்ன வயதிலிருந்தே அப்படி. அம்மா முணுமுணுத்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டா நல்லா இருக்குமா கண்ணு?" என்று கேட்டார். நல்லா இருக்கும் என்றேன்.

சவரக்காரர் வீடு ஊர்க் கோடியில். போய்க் கூப்பிட்டேன். அவர் வெளியே வந்து, நான் சொன்னதைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டார். "நான் வந்தது தெரிஞ்சா நாளைக்கு நாலு வூட்டுல என்னைய உள்ள உட மாட்டாங்க அம்மணி. தப்பா நெனைக்காதீங்க" என்றார். பிறகு உள்ளே போய்த் துணியில் சுற்றின ஒரு கத்தியை எடுத்து வந்தார். என் கையில் கொடுக்கவில்லை. துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு நாலு அடி தள்ளி நின்றார்.

"பழசுதாங்க. திருப்பிக் குடுக்க வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்துக்குக் கத்தியை அங்கேயே வீசிவிட்டு வந்திருப்பேன். மத்தியானம் ஆட்கள் வருகிறார்களே என்று எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஆள் ஐந்து மாதமாக யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கொல்லையில் முக்காலியைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். படலைச் சாத்தி, உள்பக்கம் கல்லை அண்டக் கொடுத்தேன். முதலில் அம்மாவின் கத்தரிக்கோலால் தாடியை ஒட்ட நறுக்கினேன். அதுவரை ஒன்றும் கஷ்டமில்லை. பிறகு மடக்கியிருந்த கத்தியைத் திறந்தேன். பிடி லொடலொடவென்று ஆடியது. முனையில் கொஞ்சம் துரு. சவரக்காரர் தோலில் இப்படியும் அப்படியும் தீட்டுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மண்டிக்குப் போகும்போது அப்பா கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் ஆணியில் தொங்கியது. அதை இழுத்துப் பிடித்துக் கத்தியை வேகமாக ஓட்டினேன். பெல்ட் பிளந்துகொண்டது. கத்தியின் முதுகுப் பக்கம் முன்னால் போகும்படி இழுக்கவேண்டும் என்பதும், நான் கூர்ப்பக்கத்தை முன்னால் தள்ளியிருக்கிறேன் என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

"அது போனா போவுது. இனிமே எங்க கட்டறது" என்றார் அப்பா.

துணிக்குப் போடுகிற சோப்பைக் குழைத்துத் தடவினேன். வலது கன்னத்தில் ஆரம்பித்தேன். கத்தியைப் படுக்கவைத்தால் சோப்பு மட்டும் வந்தது, முடி அப்படியே நின்றது. கொஞ்சம் நிமிர்த்தினால் தோலைக் கடித்தது. கை நடுங்குகிறதா என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன். வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஒரு கீற்று ரத்தம் சோப்பு நுரையில் இறங்கியது. அப்பா ஆடவில்லை, அசையவில்லை. ரத்தத்தைப் பார்த்து நான்தான் அழ ஆரம்பித்தேன். "அட, இதுக்கா? மூட்டை ஊசி குத்தறதுல பாதி இல்ல. நீ இழு" என்றார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். சவரம் பண்ணுகிறவர்கள் தோலைப் பிடித்து இழுத்து விறைப்பாக்கிக்கொண்டு கத்தியை ஓட்டுவார்கள். அப்பாவின் கன்னத்தில் இழுக்க எதுவும் இல்லை. விரலை வைத்தால் நேராகப் பல்லில் போய் முட்டியது. தாடி இருந்தவரைக்கும் அந்தப் பள்ளம் தெரியவே இல்லை. கத்தி பள்ளத்துக்குள் இறங்கவில்லை, மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவியது. சவரக்காரர் அப்பாவை வாயில் காற்றை அடக்கி உப்பச் சொல்வது ஞாபகம் வந்தது.

"அப்பா, கன்னத்தை உப்புங்க."

உப்பினார். ஒரு கணம் நின்றது, அப்புறம் காற்று வெளியே போய்விட்டது. மறுபடி முயன்றார். மூச்சுப் போதவில்லை, இருமல் வந்துவிட்டது. நான் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பாரு" என்று மறுபடி உப்பினார். நாலைந்து தடவை இப்படி. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு இழுப்பு. பொங்கலுக்குப் பலூன் ஊதித் தருகிற மனுஷன் அவர். கன்னத்தை நிரப்ப மூச்சில்லாமல் என் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கவேண்டும். ஒரு பக்கம் எடுத்தாயிற்று, இனி எப்படி நிறுத்துவது?

முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஏழு இடத்தில் வெட்டு. படிகாரத்தை நனைத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். மீசையைத் தொடவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன்.

எனக்கு அந்த முகத்தைத் தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், தாடை எலும்பு தனியாக நீட்டிக்கொண்டு, அந்தப் பெரிய மீசை யாரோ ஒட்டிவிட்டது போல இருந்தது. அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அடிப் பாவி" என்றாள். அப்பா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள், "மலைக்குப் போயிட்டு வந்தவரு தலையில முடி எப்படிடி இருக்கும்?"

எனக்குச் சுரீர் என்றது. திருப்பதிக்கு முடி விட்டவர் தாடியை மட்டுமா எடுப்பார்? மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டல்லவா வருவார்! தாடியை எடுக்கலாமா கூடாதா என்று காலையெல்லாம் சண்டை போட்டோமே, எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தலை ஞாபகம் வரவில்லை. "தலையையும் எடுத்துடறேன்" என்று கத்தியை மறுபடி கையில் எடுத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் கண்ணு. இதுக்கு மேல உக்கார முடியல" என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். கடைசியில் ஒரு வெள்ளைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டோம்.

இரண்டு மணி பஸ்ஸில் வந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். அந்தம்மா நல்ல மாதிரி. என் கையைப் பிடித்து, என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். என்னைப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. பிறகு அப்பா பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் பார்த்தார்.

"மலைக்குப் போயிட்டு வந்தாச்சுங்களாண்ணா?"

"ஆமாங்க, போன வாரந்தான்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"பிரசாதம் கொஞ்சம் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்."

அம்மா விழித்தாள். "தெருவுல எல்லாருக்கும் குடுத்துத் தீந்து போச்சுங்க."

அந்தம்மா சந்தேகப்பட்டுக் கேட்டதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. பக்தியில்தான் கேட்டார். ஆனால் அவர் கண் அப்பாவின் பிடரிக்குப் போயிற்று. துண்டுக்குக் கீழே ஐந்து மாத முடி சுருண்டு நின்றது. "மொட்டை எடுக்கலையாட்டம் இருக்குதுங்களே?" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பாள், அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. அதற்குள் அப்பா தலையிலிருந்து துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மலைக்குப் போவலீங்கம்மா. எனக்கு எலும்புருக்கி. பொண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க, ஆஸ்பத்திரியில காட்டிப் பாத்தாச்சு."

அவர்கள் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. தாய்மாமன் கையிலிருந்த காப்பி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அந்தம்மா குடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்கள். அப்போது இரண்டரைகூட ஆகவில்லை.

அவர்கள் தலை மறைந்ததும் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை. "ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிரும்? அம்மா இத்தனை நாளா சொல்லலையா? என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். தாடியை எடுத்தது யார் என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "எத்தனைன்னு சொல்றது கண்ணு? ஒண்ணு சொன்னா அதுக்குப் பொறத்தாண்ட இன்னொண்ணு வந்து நிக்குது" என்றார். தாடியோடு உட்கார்ந்திருந்தால் அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார், தட்டு மாற்ற நாள் குறித்திருப்பார்கள். இதை நான் சொல்லவில்லை. அது என் தலையில்தான் வந்து விடியும் என்று தெரியும்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே அம்மாவிடம் பேசினார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவருக்கே தெரியவில்லை.

"பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்குதாங்க. வேற எடம் பாக்கலைன்னு சொன்னாங்க. ஆனா..." என்று குரலைத் தாழ்த்தினார். "பெரியவரு காலத்துக்கு அப்பறம் பேசிக்கலாங்கறாங்க. அவரு இருக்கற வூட்டுக்குப் போக்குவரத்து வெச்சுக்கப் பயப்படறாங்க. வயசான பொம்பளை, நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தனுங்க."

எங்கள் வீட்டுச் சுவர் மண்சுவர், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி. வாசலில் பேசினால் உள்ளே படுத்திருக்கிறவருக்குக் கேட்கும். நான் எட்டிப் பார்த்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டுச் சவரம் பண்ணிவிடச் சொன்னார். வாராவாரம் பண்ணினேன். மூன்றாவது வாரத்தில் வெட்டு இல்லாமல் முடித்தேன். எந்த இடத்தில் கத்தியைச் சாய்க்கவேண்டும், எங்கே விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தைத் தாங்கிக்கொள்ளவேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கை திருந்தத் திருந்த முகம் குறைந்துகொண்டே போயிற்று. ஒவ்வொரு வாரமும் பள்ளம் ஆழமாகியது. மாத்திரை சாப்பிடுகிற ஆள் இப்படி இளைக்கக் கூடாது என்று டாக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினபோது மாத்திரைகள் கொட்டின. ஒன்று இரண்டு இல்லை, இரண்டு கை நிறைய. சிலது எச்சில் பட்டுக் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரையும் குடித்து, நாங்கள் நகர்ந்ததும் துப்பி உள்ளே செருகியிருக்கிறார். அவர் முன்னால் அதையெல்லாம் கொட்டிச் சண்டை போட்டேன், அழுதேன், காலைப் பிடித்தேன். "செரி, இனிமே முழுங்கறேன்" என்றார். ஒரு வாரம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் பார்த்தேன். விழுங்கினார்.

இதுவரைக்கும் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இதற்குமேல் சொன்னதில்லை. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். மாத்திரையைக் கையில் கொடுப்பேன், தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைப்பேன், திரும்பி நடந்துவிடுவேன். வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தலையணை உறையை அம்மாவைத் துவைக்கச் சொல்லவில்லை, நானும் துவைக்கவில்லை. அப்பாவுக்கும் அது தெரிந்துவிட்டது. நான் திரும்பும்வரை காத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன நாலாம் மாதம் அவர் போனார். பதினாறு கழிந்த இரண்டாம் நாள் தரகர் வந்தார். இந்த முறை உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று கம்பைநல்லூரில் சொன்னார்களாம். அம்மா அழுதுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னடி சொல்ற?" என்று கேட்டாள். நான் சரி என்றேன்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அப்பா செய்ததெல்லாம் வீணாகப் போயிருக்கும், அதனால்தான் சரி என்றேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.